ஒரு சட்டகத்தில் ஒருவரே பலராக: திருமணக் கூட்டு ஒளிப்படங்களின் வரலாறும் சான்று மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மனிதர் ஒரே படத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தோன்றும் திருமண ஒளிப்படங்கள் இந்திய ஸ்டுடியோ மரபின் பரவலான ஒரு கூறாகும். இவை பெரும்பாலும் வேடிக்கைப் படங்களாகவோ திரைப்பட இரட்டை வேடத்தின் நகலாகவோ கருதப்பட்டு ஆய்வாளர்களால் ஒதுக்கப்படுகின்றன. இப்படங்கள் உருவான தொழில்நுட்ப வழிகள், அவற்றின் உலக வரலாறு, தமிழ்க் காட்சி மரபோடு அவற்றுக்குள்ள ஒப்புமை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. திருமணம் என்னும் நீண்ட நிகழ்வின் பல கணங்களை ஒரு தளத்தில் சேர்த்துக் காட்டும் ஆவணமாகவே இப்படங்களைக் கொள்ளவேண்டும் என்றும், அவற்றின் சான்று மதிப்பை அச்சுப்படியைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டு ஒளிப்படம், இரட்டைப் பதிவு, திருமண ஆல்பம், நெகட்டிவ், தொடர்கதை ஓவியம், சான்று.

முன்னுரை

தமிழகத்தின் நடுத்தரக் குடும்பங்களில் பாதுகாக்கப்படும் பழைய திருமண ஆல்பங்களைப் புரட்டுவோர் ஒருவகைப் படத்தை அடிக்கடி எதிர்கொள்வர். படத்தின் நடுவில் மணமகளின் முகம் பெரிதாக இருக்கும். அதே மணமகள் ஓரத்தில் முழுவுருவமாக நிற்பாள். மற்றொரு மூலையில் அவளே கண்ணாடி முன் அமர்ந்து பூச்சூடிக்கொண்டிருப்பாள். சில படங்களில் மணமகனும் இவ்வாறு இருவராகத் தோன்றி, ஒருவர் மற்றவரை நோக்கிப் புன்னகைப்பார். 1980களின் வண்ண ஆல்பங்களில் இத்தகைய படங்கள் ஏறத்தாழ ஓர் எழுதப்படாத விதியாகவே இடம்பெற்றன.

குடும்ப வரலாறு, சமூக வரலாறு, உடை மற்றும் அணிகலன் வரலாறு ஆகியவற்றை ஆய்வோர்க்குத் திருமண ஆல்பம் ஒரு முதன்மைச் சான்றாகும். ஆயினும் ஆல்பத்திலுள்ள மற்ற படங்களைச் சான்றாக ஏற்போர், மேற்சொன்ன கூட்டுப் படங்களை மட்டும் ‘உண்மையல்லாதவை’ என்று விலக்கிவிடுகின்றனர். இவ்விலக்கல் சரியானதா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா. இதற்கு விடைகாண, இப்படங்கள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். செய்முறையை அறியாமல் பொய்யென்றோ மெய்யென்றோ தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

1. செய்முறை: மூன்று வழிகள்

ஒருவரைப் பலராகக் காட்டும் படங்கள், படச்சுருள் காலத்தில் முதன்மையாக மூன்று வழிகளில் உருவாக்கப்பட்டன.

முதலாவது, கரும்பின்னணி வழி. ஒளிப்படத் தகட்டிலோ சுருளிலோ ஒளி படும் இடம் மட்டுமே மாற்றம் பெறும். கருப்பு வெல்வெட் துணியிலிருந்து மிகக் குறைந்த ஒளியே திரும்புவதால், அப்பகுதி ஏறத்தாழப் பதிவு பெறாத நிலையிலேயே எஞ்சும். எனவே மணமகளை முதலில் இடப்பக்கம் நிறுத்திப் பதிவுசெய்து, சுருளை நகர்த்தாமல், பின்னர் அவளையே வலப்பக்கம் நிறுத்தி மீண்டும் பதிவுசெய்தால் இரு உருவங்களும் ஒரே நெகட்டிவில் அமையும். இரு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவரை ஒவ்வொரு பதிவுக்கும் வழக்கமான அளவு ஒளியே போதுமானது. படிந்துவிட்டால், பட்டுப்புடவையின் சரிகை மற்றோர் உருவத்தின் கருங்கூந்தல் வழியே ஊடுருவித் தெரியும்.

இரண்டாவது, மறைப்பு வழி. லென்சின் முன் பாதியை மறைக்கும் அட்டையோ மூடியோ பொருத்தி ஒரு பாதியைப் பதிவுசெய்தபின், மறைப்பை மறுபுறம் மாற்றி மற்றப் பாதியைப் பதிவுசெய்வது இவ்வழியாகும். இதில் கரும்பின்னணி தேவையில்லை. வீட்டுக் கூடம், மணமேடை போன்ற இயல்பான இடங்களிலும் எடுக்கலாம். ஆனால் கேமரா முக்காலியில் மயிரிழையும் அசையாதிருக்க வேண்டும். இரு பாதிகளும் இணையும் கோடு தெரியாமலிருக்க, லென்சின் துளை சற்று அகலமாக வைக்கப்படும். துளை அகன்றிருக்கும்போது லென்சுக்கு மிக அருகிலுள்ள மறைப்பின் விளிம்பு மங்கி, இரு பதிவுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். துளை சிறுத்தால் அவ்விளிம்பு கூர்மையடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, அச்சு வழி. இதில் வெவ்வேறு நெகட்டிவ்களை இருட்டறையில் என்லார்ஜரின்கீழ் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் பதிப்பர். ஒவ்வொரு முறையும் தாளின் பிற பகுதிகள் அட்டையால் மறைக்கப்படும். இணைப்புகள் தூரிகையால் திருத்தப்படும். இதயவடிவத்துக்குள் மணமகன் முகமும், விளக்குச்சுடருக்குள் மணமகள் முகமும் அமைந்த படங்கள் பெரும்பாலும் இவ்வழியில் விளைந்தவையே.

இம்மூன்றுக்கும் இடையே ஆய்வாளர் மனங்கொள்ளவேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. முதல் இரண்டு வழிகளில் கூட்டுத்தன்மை நெகட்டிவிலேயே உள்ளது. மூன்றாம் வழியில் அது அச்சுப்படியில் மட்டுமே உள்ளது. இவ்வேறுபாட்டின் விளைவு இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

2. உலக வரலாற்றில் கூட்டு ஒளிப்படம்

பல நெகட்டிவ்களை இணைத்து ஒரு படமாக்கும் முறை, ஒளிப்படக் கலை தோன்றி இருபது ஆண்டுகளுக்குள்ளேயே முதிர்ச்சி பெற்றுவிட்டது. 1857ஆம் ஆண்டு ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் பெரும்படத்தை உருவாக்கி மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, இறக்கும் நிலையிலுள்ள இளம்பெண்ணைக் குடும்பத்தார் சூழ்ந்திருக்கும் காட்சியை அமைத்தார். ஓவியர்க்கு உரிய உரிமை ஒளிப்படக்காரர்க்கும் உண்டா என்னும் விவாதம் அப்போதே எழுந்தது.

ரெய்லாண்டர் 1870களின் தொடக்கத்தில் தம்மையே இருமுறை ஒரே படத்தில் அமைத்துக்கொண்டார். ஓவியராகிய அவர் தன்னார்வப் படைவீரராகிய தம்மையே அறிமுகம் செய்துவைப்பதாக அப்படம் அமைந்துள்ளது. ஒருவருக்கு உரிய இரு சமூக நிலைகளை இரு உடல்களாகப் பிரித்துக் காட்டும் உத்தி இங்குத் தெளிவாக வெளிப்படுகிறது. 1896இல் நியூயார்க்கில் வெளிவந்த வால்டர் உட்பரியின் ஒளிப்பட விளையாட்டுகள் பற்றிய நூல் இவ்வகை வழிகளைப் பயில்வோர்க்கு விளக்கியது. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இது கற்பிக்கத்தக்க ஒரு கைத்திறனாக மாறிவிட்டது.

ஆனால் இக்கைத்திறனை வேடிக்கை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட இயலாது. நைஜீரியாவின் யோருபா மக்களிடையே வழங்கிய ஒரு வழக்கத்தை ஸ்டீபன் ஸ்பிரேக் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் பதிவுசெய்துள்ளார். இரட்டைக் குழந்தைகளுள் ஒன்று இறந்துவிட்டால், எஞ்சிய குழந்தையை இருமுறை படமெடுத்து, இருவரும் அருகருகே இருப்பதுபோல் அச்சிடுவர். இரட்டையர் ஆணும் பெண்ணுமாக இருந்தால், எஞ்சிய குழந்தைக்கு இருவகை உடையும் அணிவித்து எடுப்பர். அப்படத்தைப் பார்க்கும் குடும்பத்தார் யாரும் ஏமாற்றப்படவில்லை. இறந்த குழந்தை அங்கில்லை என்பதை அனைவரும் அறிவர். இல்லாத ஒருவரின் உறவு இன்னும் நீடிக்கிறது என்பதையே அப்படம் கூறுகிறது. கூட்டுப் படத்தின் ‘உண்மை’யை, அது யாருக்காக, எதனைச் சொல்ல எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும் என்பதற்கு இது வலுவான எடுத்துக்காட்டாகும்.

3. இந்திய ஸ்டுடியோவும் இரட்டை உருவமும்

இந்திய ஸ்டுடியோ ஒளிப்படங்களை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி, மத்தியப் பிரதேசத்தின் நாக்தா நகரத்தைக் களமாகக் கொண்டு 1997இல் ‘கேமரா இண்டிகா’ என்னும் நூலை வெளியிட்டார். ஒருவரே இருவராகவும் மூவராகவும் தோன்றும் படங்களை அவர் அந்நகர ஸ்டுடியோக்களில் கண்டு விவாதித்துள்ளார். ஒருவரது ஒற்றை அகத்தைப் பிடித்துவைப்பதே உருவப்படத்தின் நோக்கம் என்னும் மேலைநாட்டு எதிர்பார்ப்பு இப்படங்களுக்குப் பொருந்துவதில்லை என்பதும், தாம் எவ்வாறெல்லாம் இருக்கக்கூடும் என்பதை மக்கள் முயன்று பார்க்கும் களமாக ஸ்டுடியோ விளங்கியது என்பதும் அவரது ஆய்வால் அறியப்படுகின்றன. அந்நகரின் சுஹாக் ஸ்டுடியோ உரிமையாளர் சுரேஷ் பஞ்சாபியின் படங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் 2013இல் வெளியிட்டது.

இப்படங்கள் திரைப்பட இரட்டை வேடத்தைப் பார்த்து உருவானவை என்பது பரவலான கருத்து. இதில் ஓரளவே உண்மையுள்ளது. 1917இல் தாதாசாகேப் பால்கேயின் ‘லங்கா தகன்’ படத்தில் அண்ணா சாலுங்கே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். தமிழில் 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். 1958இல் ‘நாடோடி மன்ன’னும், சிவாஜி கணேசன் நடித்த ‘உத்தமபுத்திர’னும் வெளிவந்தன. இரட்டை வேடம் மக்களின் விருப்பத்துக்குரிய காட்சியாக நிலைபெற இப்படங்கள் உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் திரைப்படக் கேமராவில் சட்டகத்தின் பாதியை மறைத்துப் படமெடுத்துச் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை எடுக்கும் முறை, நிலைப்பட ஸ்டுடியோவில் முன்னரே வழங்கிய மறைப்பு வழியின் நீட்சியே. எனவே கைத்திறன் ஸ்டுடியோவிலிருந்து திரைக்குச் சென்றது என்றும், அதன்மீதான விருப்பம் திரையிலிருந்து ஸ்டுடியோவுக்குத் திரும்பியது என்றும் கொள்வதே பொருத்தமாகும்.

மேலும், திரைப்பட இரட்டை வேடத்தில் ஒரு நடிகர் இரு வேறு மாந்தர்களாகத் தோன்றுகிறார். திருமணப் படத்தில் தோன்றும் மூன்று மணமகளும் ஒரே மணமகளே. இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விளக்கம் தேட, திரைப்படத்துக்கும் முந்தைய காட்சி மரபை நோக்கவேண்டியுள்ளது.

4. தஞ்சைச் சுவரில் ஒரு திருமணம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றுப்பாதையின் சுவர்களில் நாயக்கர்கால ஓவியப் பூச்சின்கீழ் சோழர்கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு புகழ்பெற்றது. சுந்தரரின் திருமணம், அத்திருமணத்தைத் தடுத்துத் தம் அடிமை என்று வழக்குரைக்கும் முதியவர், திருவெண்ணெய்நல்லூர் அவை, சேரமான் பெருமாள் குதிரையிலும் சுந்தரர் வெள்ளையானையிலும் கயிலை செல்லுதல் ஆகியன ஒரே சுவர்ப்பரப்பில் அமைந்துள்ளன. சேக்கிழாரின் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாதலால், இவ்வோவியம் அந்நூலுக்கு ஒரு நூற்றாண்டேனும் முற்பட்டது.

இவ்வோவியத்தில் ஒருவரே மீண்டும் மீண்டும் வரையப்பட்டுள்ளார். பார்ப்போர் எவரும் பல சுந்தரர் இருந்தனர் என்று கருதுவதில்லை. காலத்தால் பிரிந்த கணங்கள் இடத்தால் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன என்பதை அவர்கள் இயல்பாகவே உணர்கின்றனர். கலை வரலாற்றாய்வாளர் இதனைத் தொடர்கதை ஓவிய முறை என்பர். இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. சாஞ்சி, அஜந்தா முதலிய இடங்களிலும், இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களிலும் இதனைக் காணலாம்.

சோழ ஓவியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு ஸ்டுடியோவுக்கு நேர்க்கோட்டு மரபு ஒன்று வந்ததாகக் கூற இங்கு முற்படவில்லை. அவ்வாறு கூறச் சான்றில்லை. ஆனால் ஒரே பரப்பில் ஒருவர் பலமுறை தோன்றினால் அதனைக் காலத்தொடராகப் படிக்கும் பழக்கம் கோயிற்சுவர், திரைச்சீலை, நாள்காட்டிப் படம் எனப் பல வழிகளில் மக்களிடையே நிலவியது. அப்பழக்கமுடைய பார்வையாளர்க்குக் கூட்டுத் திருமணப் படம் புதிராக இருந்திராது என்று கொள்வதில் தவறில்லை. பூச்சூடும் மணமகள், தாலியற்ற கழுத்தோடு நிற்கும் மணமகள், தாலியணிந்த மணமகள் ஆகிய மூவரும் ஒரு படத்தில் இருக்கும்போது, அப்படம் ஒரு பொய்க்காட்சியைக் காட்டவில்லை. ஒரு நாளின் நகர்வையே காட்டுகிறது.

இதே கோயில் ஒளிப்பட வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளமை இங்குக் குறிப்பிடத்தக்கது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராகிய லின்னேயஸ் டிரைப் 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பதிவுசெய்தார். ஒரே சட்டகத்தில் அடங்காத அவற்றை 21 அச்சுப்படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு படமாக்கினார். அது கல்வெட்டைப் படிக்க உதவும் சான்றாகவே செய்யப்பட்டது. கேமராவை இடம் மாற்றிமாற்றிப் பல நேரங்களில் எடுத்த படங்களின் கூட்டு அது. ஆயினும் அதனைப் பொய்யென்று எவரும் கூறுவதில்லை. தமிழகத்தில் ஒளிப்படம் ஆவணமாகப் பயன்படத் தொடங்கிய அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே, கூட்டுதல் ஆவணப்படுத்தலுக்கு எதிரானதாகக் கருதப்படவில்லை என்பதை இதனால் அறியமுடிகிறது.

5. மூலவோலையும் படியோலையும்: சான்றுச் சிக்கல்

திருமண ஒளிப்படம் வெறும் நினைவுப்பொருள் மட்டுமன்று. 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தின்வழி இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டு, சுயமரியாதைத் திருமணங்களும் சீர்திருத்தத் திருமணங்களும் சட்ட ஏற்புப் பெற்றன. உறவினர், நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அத்திருமணம் செல்லும். புரோகிதரோ சடங்கோ தேவைப்படாத இடத்தில், மாலை மாற்றும் கணத்தின் ஒளிப்படம் எத்தகைய முக்கியத்துவம் பெறும் என்பதை ஊகித்தறியலாம். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் கனடா போன்ற நாடுகளில் வாழ்க்கைத்துணையை வரவழைக்கும் விண்ணப்பத்திலும் திருமண ஒளிப்படங்கள் உறவுக்கான சான்றுகளுள் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன.

சான்றாக ஒளிப்படம் முன்வைக்கப்படும்போது, அச்சுப்படியைவிட நெகட்டிவுக்கே நீதிமன்றங்கள் நீண்டகாலம் முதன்மை அளித்துவந்தன. அச்சில் மாற்றம் செய்யலாம். நெகட்டிவில் மாற்றம் செய்தல் அரிது என்பதே இதன் அடிப்படை. இங்குத்தான் முன்னர்க் கூறிய செய்முறை வேறுபாடு இன்றியமையாததாகிறது. கரும்பின்னணி வழியிலும் மறைப்பு வழியிலும் உருவான படத்துக்கு ஒரே ஒரு நெகட்டிவ்தான் உண்டு. அதில் பின்னாளில் எவ்விதக் கைவேலையும் நிகழவில்லை. நெகட்டிவைக் கேட்பவர்க்கு அது தூய நெகட்டிவாகவே கிடைக்கும். ஆனால் அதில் ஒருவர் இருவராக இருப்பார். எனவே ‘நெகட்டிவ் உள்ளது, ஆகவே ஒரே கணத்தின் பதிவு’ என்னும் முடிவு தவறானது. மறுபுறம், அச்சு வழியில் உருவான படத்துக்கு உரிய ஒற்றை நெகட்டிவ் இல்லை. அதனால் அதிலுள்ள ஒவ்வொரு பகுதியும் பொய் என்றாகிவிடாது. அதன் பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி நெகட்டிவில் உள்ள உண்மையான பதிவுகளே.

சுந்தரர் வரலாற்றிலேயே இச்சிக்கலுக்கு ஒப்பான ஒரு கட்டம் உண்டு. முதியவர் கொண்டுவந்த ஆவண ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிக்கப்பட்டது படியோலை என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் கூறும் முதியவர், அதனை வெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுகிறார். அவையோர் சுந்தரருடைய பாட்டனாரின் கைச்சாத்தை ஒப்புநோக்கியே தீர்ப்பளிக்கின்றனர். மூலம் இருக்கிறது என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மூலத்தையும் வேறொரு சான்றோடு ஒப்பிட்டே முடிவுக்கு வந்தனர். கூட்டு ஒளிப்படத்தை ஆராய்வோர்க்கும் இதுவே முறையாகும்.

6. படத்தைப் படிக்கும் முறை

கையில் அச்சுப்படி மட்டுமே உள்ளபோதும் எவ்வழியில் படம் உருவானது என்பதைப் பலவேளைகளில் கண்டறியலாம். அதற்குப் பின்வருவன துணைசெய்யும்.

அ. உடை: படத்திலுள்ள இரு உருவங்களும் ஒரே உடையில் இருந்தால் கேமராவிலேயே இருமுறை பதிவு செய்திருக்க வாய்ப்புண்டு. ஒருவர் நிச்சயதார்த்தப் புடவையிலும் மற்றவர் கூறைப்புடவையிலும் இருந்தால், இடைப்பட்ட காலம் முழுவதும் சுருளை நகர்த்தாமல் வைத்திருத்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. அது அச்சு வழியிலோ பிற்காலக் கணினி வழியிலோ உருவானதாகவே இருக்கும்.

ஆ. இட வல மாற்றம்: தமிழகத்தில் புடவை முந்தானை இடத்தோளில் அமைவதே பெருவழக்கு. ஆண்களின் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் படிந்திருக்கும். ஓர் உருவத்தில் இவை மாறியிருந்தாலோ, மூக்குத்தி ஓர் உருவத்தில் ஒரு பக்கமும் மற்றதில் மறுபக்கமும் இருந்தாலோ, நெகட்டிவ் திருப்பி வைத்து அச்சிடப்பட்டது என்று கொள்ளலாம். இத்தகைய படத்தைக்கொண்டு அணிகலன் வழக்காறு பற்றி முடிவுக்கு வருதல் பிழையாகும்.

இ. நிழல்: உருவங்களின் நிழல்கள் வெவ்வேறு திசைகளில் விழுந்தால் விளக்குகள் இடம்மாற்றப்பட்டன அல்லது வெவ்வேறு நெகட்டிவ்கள் இணைக்கப்பட்டன என்று பொருள்.

ஈ. இணைப்புக் கோடு: மறைப்பு வழியில் எடுத்த படத்தின் நடுவே சற்று வெளிறிய அல்லது கருத்த செங்குத்துப் பட்டை தென்படலாம். இரு பதிவுகள் மிகைபடப் படிந்தால் வெளிறும். இடைவெளி விழுந்தால் கருக்கும்.

உ. அளவு: ஒரே கேமரா நிலையில் எடுத்த இரு உருவங்கள், தரையில் நிற்கும் இடத்துக்கேற்ற அளவில் இருக்கும். முகம் மிகப் பெரிதாகவும் முழுவுருவம் மிகச் சிறிதாகவும் அந்தரத்தில் அமைந்தால் அது பெரும்பாலும் அச்சு வழிக் கூட்டே.

இக்குறிப்புகள் படத்தின் காலத்தை வரையறுக்கவும் உதவும். ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. அடுக்குகளைத் தனித்தனியே கையாளும் வசதி அதன் மூன்றாம் பதிப்பில் 1994இல் வந்தது. பின்னர்த் தமிழகத் திருமணங்களில் பரவிய ‘கரிஷ்மா’ ஆல்பங்களில், இரு பக்கங்கள் சேர்ந்த ஒரே அகன்ற பரப்பில் மணமக்களின் உருவங்கள் பலமுறை இடம்பெறுதல் இயல்பாகிவிட்டது. முன்பு ஒரு தேர்ந்த கைவினைஞரின் அரைநாள் உழைப்பாக இருந்தது, கணினியில் சில நிமிட வேலையாயிற்று. ஆயினும் பக்க அமைப்பில் பழைய இலக்கணமே தொடர்கிறது. நடுவில் பெருமுகம், சுற்றிலும் சிற்றுருவங்கள் என்னும் அமைப்பை இன்றைய ஆல்பங்களிலும் காணலாம்.

7. பெருகும் மணமகள்

இப்படங்களில் மணமகனைவிட மணமகளே மிகுதியாகப் பெருக்கப்படுவது கவனத்துக்குரியது. அலங்காரம், வெட்கம், காத்திருப்பு, விடைபெறுதல் எனத் திருமணத்தின் உணர்வுநிலைகள் அனைத்தும் மணமகளின் உடலிலேயே ஏற்றப்படுகின்றன. மணமகன் பெரும்பாலும் ஒருவராகவே, சில வேளைகளில் மணமகளின் நினைவில் தோன்றும் உருவமாக மூலையில் அமைக்கப்படுகிறார்.

இதனை இருவகையாகப் பொருள்கொள்ளலாம். பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் மனப்பாங்கின் விளைவு இது என்பது ஒன்று. முந்தைய தலைமுறைப் பெண்கள் பலர்க்குத் தாம் நடுவிடம் பெற்ற ஒளிப்படங்கள் திருமண நாளில் மட்டுமே வாய்த்தன; அந்த ஒரு நாளில் அவர்கள் பலராகத் தோன்றினர் என்பது மற்றொன்று. முதற்பார்வை படத்தை எடுத்தவரின் நோக்கத்தையும், இரண்டாம் பார்வை படத்தைப் பாதுகாத்துவந்தவரின் நோக்கத்தையும் மையமாகக் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஆனால் இப்படங்களைப் போலியென விலக்கும் ஆய்வு, இரண்டாம் பார்வைக்குரிய சான்றை முற்றிலும் இழந்துவிடும்.

8. பாதுகாப்பும் பட்டியலிடலும்

தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தொகுத்து எண்மமாக்கும் பணி, பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின்வழி மேற்கொள்ளப்பட்டது. இத்தகைய முயற்சிகள் பெருகவேண்டும். ஸ்டுடியோக்கள் மூடப்படும்போது நெகட்டிவ்களே முதலில் அழிகின்றன. வெப்பமும் ஈரமும் பூஞ்சையும் அவற்றைச் சிதைக்கின்றன. எஞ்சியவை இடத்தை அடைக்கும் குப்பையாகவோ, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் கச்சாப்பொருளாகவோ கழிக்கப்படுகின்றன.

கூட்டுப் படங்களைப் பொறுத்தவரை நெகட்டிவின் இழப்பு இரட்டை இழப்பாகும். அச்சுப்படியில் காணும் மூன்று மணமகளும் ஒரு நெகட்டிவில் இருந்தனரா, மூன்று நெகட்டிவ்களில் இருந்தனரா என்பதை உறுதிசெய்யும் வாய்ப்பே போய்விடுகிறது. எனவே இப்படங்களைப் பட்டியலிடுவோர் ‘ஒட்டுப்படம்’ என்று பொதுப்படக் குறிக்காமல், எவ்வழியில் உருவானது, உருவங்கள் எத்தனை, ஆல்பத்தில் எப்பக்கத்தில் உள்ளது, மூல நெகட்டிவ் உண்டா என்னும் நான்கு செய்திகளையேனும் பதிவுசெய்தல் வேண்டும். இயன்ற இடங்களில் படமெடுத்தவரின் வாய்மொழிச் செய்தியையும் சேர்த்தல் நலம். மறைப்பு அட்டையைத் தம் கையாலேயே வெட்டிப் பொருத்தியவர்களுள் பலர் இன்று முதுமையில் உள்ளனர்.

முடிவுரை

ஒருவரே பலராகத் தோன்றும் திருமண ஒளிப்படம், படச்சுருளின் இயல்பிலிருந்து பிறந்த ஒரு கைத்திறன். அது உலகின் பல பகுதிகளில் பல நோக்கங்களுக்குப் பயன்பட்டது. இந்தியாவில் திரைப்பட இரட்டை வேடத்தோடு கொடுக்கல் வாங்கல் கொண்டு வளர்ந்தாலும், அதன் பொருள் வேறானது. திருமணம் ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவதன்று. மகளாக இருந்தவள் மனைவியாகும் அந்நாளின் பல நிலைகளை ஒரு தாளில் அடக்க விரும்பிய குடும்பத்தார்க்கு, ஷட்டர் ஒருமுறை திறந்து மூடும் நேரம் போதவில்லை. அதனால் அதனை மீண்டும் மீண்டும் திறக்கச் செய்தனர்.

அப்படத்தைச் சான்றாகக் கொள்வதில் தடையில்லை. எதற்குச் சான்று என்பதை மட்டும் ஆய்வாளர் தெளிந்துகொள்ளவேண்டும். மூவர் ஒரே வேளையில் அங்கு இருந்தனர் என்பதற்கு அது சான்றாகாது. ஒருத்தி மூன்று நிலைகளைக் கடந்தாள் என்பதற்கும், அம்மூன்றும் ஒருங்கே நினைக்கப்படவேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர் என்பதற்கும் அதைவிடச் சிறந்த சான்று ஆல்பத்தில் வேறில்லை.